கண்ணாடிக் குச்சியால் மூன்று சுற்று

எனக்குப் பிறகு கலர் கிச்சன் பொறுப்புக்கு வந்த கார்த்திகா போன மாதம் ஓர் அறிவிப்பை என் போனுக்கு அனுப்பியிருந்தாள். ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள். துறை, பொருள்களின் பாய்வும் உருமாற்றமும். எதையெல்லாம் ஆராயலாம் என்று ஒரு பட்டியலே இருந்தது. அச்சுப் பேஸ்ட், பெயின்ட், உருகிய பிளாஸ்டிக், நுரை, சேறு, பிசைந்த மாவு, ரத்தம். ஆலை அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று கடைசியில் ஒரு வரி. அதற்குக் கீழே அவள் குரல் பதிவு: "மாஸ்டர், இதுக்கு நானெல்லாம் போடலாங்களா? எம்.எஸ்ஸி. முடிச்சு ஆறு வருசம் ஆச்சுங்க. பக்கெட்டும் ஸ்டிரரும் தவிர எனக்கு என்னங்க தெரியும்?"

'போடு' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் பக்கெட்டுக்கும் முனைவர் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் ஒன்று இருக்கிறது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பதில் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு நேரத்துக்குப் பஞ்சமில்லை, எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் பெயர் ஆசீர்வாதம். ஊர், தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். மேலே படித்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று நிஜமாகவே ஆசை இருந்தது. எனக்குக் கீழே தம்பி தங்கைகள் மூன்று பேர் இருந்ததால் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறினேன். மங்கலம் ரோட்டில் ஒரு பிரின்டிங் கம்பெனி. வெட்டிய பனியன் துணியின் நெஞ்சுப் பகுதியில் படமும் எழுத்தும் அச்சடிப்பது அங்கே தொழில். அச்சடிக்கிற பேஸ்ட்டைத் தயாரிக்கும் அறைக்குக் கலர் கிச்சன் என்று பெயர். கிச்சனில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஊருக்குக் கடிதம் போட்டேன். அதன் பலன், பெண் பார்க்கப் போன வீட்டில் எனக்குப் பிரியாணி நன்றாக வருமா என்று கேட்டார்கள். முதல் ஆறு மாதம் டிரம் கழுவினேன். அடுத்த ஒரு வருடம் எடை போட்டேன். அதற்கடுத்து கிச்சன் என் கைக்கு வந்தது. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மேனேஜர் பழனிசாமியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு லென்ஸ். தறியில் தொடங்கி மேனேஜர் ஆனவர். முப்பது வருடத்தில் அவர் யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. டிரம் கழுவுகிறவரையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். ஒரு பீஸில் குறை வந்தால் அதை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வருவார். என் மேசையில் இருப்பதை ஒதுக்கி, துணியை விரித்து, ஓரங்களைக் கையால் நீவிவிடுவார். பிறகு லென்ஸை அதன் மேல் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி நிற்பார். குனிந்து பார்ப்பது என் வேலை. நான் பார்த்து முடித்து நிமிரும்வரை வாயைத் திறக்க மாட்டார். கெட்ட வார்த்தையில் திட்டுகிற மேனேஜர்களிடம் வேலை பார்த்த நண்பர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். அவர்கள் அந்த இரண்டடி தூரத்தில் ஒருநாள் நின்று பார்த்திருக்க வேண்டும்.

எங்களிடம் அதிகம் ஓடியது வெள்ளை ரப்பர் பேஸ்ட். கறுப்பு, நீல டீ ஷர்ட்டின் மேல் தடித்து நிற்கும் வெள்ளை எழுத்தைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். கிச்சன் என் கைக்கு வந்த புதிதில் ஒருநாள் அதைக் கொஞ்சம் இளக்கமாகப் போட்டுவிட்டேன். டிரம் அரை நாள் நின்றிருக்கிறது. மேலே தண்ணீர் தெளிந்து, வெள்ளைப் பொடி கீழே இறங்கிவிட்டது. நான் கவனிக்காமல் மேலாக எடுத்து மெஷினுக்கு அனுப்பிவிட்டேன். காலை முழுதும் ஓடிய பீஸ்கள் சோப்புத் தண்ணீரில் எழுதியது மாதிரி மங்கலாக வந்தன. பழனிசாமி வந்தார், விரித்தார், லென்ஸை வைத்தார், தள்ளி நின்றார். நான் நிமிர்ந்ததும், "ஏனுங்க ஆசீர்வாதம், இது நம்ம துணிதானுங்களா?" என்று கேட்டார். அவர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து கிச்சன் சுவரிலிருந்த கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். 'கிண்டாத பேஸ்ட் வெளியே போகாது.'

அந்த வரி அழிய அழிய நானே திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். டிரம் என்றால் துடுப்பால் அடிவரை போய்ப் பத்து முறை. சாம்பிள் டப்பா என்றால் கண்ணாடிக் குச்சியால் வலப்பக்கமாக மூன்று சுற்று, குச்சியை விளிம்பில் வழித்து, விளிம்பைத் துணியால் துடைத்து, மூடி. கிண்டாமல் கொடுத்தால் விருந்தாளிக்குச் சர்க்கரை கலக்காத காபியைக் கொடுத்தது மாதிரி எனக்குக் கூசும். பேஸ்ட் எவ்வளவு கெட்டி என்று காட்டும் மீட்டர் ஒன்று கிச்சனில் இருந்தது. அதில் வைப்பதற்கு முன்பும் மூன்று சுற்று. என் கை யோசிக்காமலே செய்யும்.

இனி டீ பிரேக் சமாச்சாரம். வெள்ளை ரப்பர் ஓடும் மெஷின் எதுவானாலும், டீக்கு நின்று திரும்ப ஓட்டினால் முதல் சில பீஸ்கள் சரியாக வராது. எழுத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும், ஓரம் பிசிறும். அதற்காகவே ஆபரேட்டர்கள் ஓரத்தில் வேஸ்ட் துணி வைத்திருப்பார்கள். பிரேக் முடிந்ததும் பேஸ்ட்டை அச்சு வலையின் மேல் நாலு தடவை இழுத்து அந்தத் துணியில் அடிப்பார்கள். அந்த நாலு இழுப்புக்குப் பிறகுதான் நல்ல பீஸ். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் சில நாள் நாலு இழுப்பு போதாது. பதினைந்து ஆனாலும் பேஸ்ட் முரண்டு பிடிக்கும். பொறுமையில்லாத ஆபரேட்டர் ஒரு கை தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிடுவார். உடனே ஓடும். அரைமணி கழித்து அதே பேஸ்ட் அளவுக்கு மீறி இளகி, மெல்லிய கோடுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

குழந்தைகள் சட்டை ஆர்டர் ஒன்று அப்படித்தான் மாட்டியது. பூனை மீசை மாதிரி மெல்லிய கோடுகள். கோடுகள் ஒட்டிக்கொண்டு, சட்டைகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஆபரேட்டர்கள் பேஸ்ட் கெட்டி என்றார்கள். நான் மீட்டரைக் காட்டினேன். காலையிலும் மதியமும் சாயங்காலமும் ஒரே எண். என் மீட்டர் பொய் சொல்லாது, உங்கள் கைதான் சரியில்லை என்று சண்டைக்குப் போனேன். சண்டை என்று வந்தால் எனக்கு நடுவில் நிறுத்தத் தெரியாது. மெஷின் பக்கம் பாதிப் பேர் என்னோடு பேச்சை விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஷாஹிரா வந்தாள். அவள் அப்பா ராயபுரத்தில் பட்டன், ஜிப் கடை வைத்திருந்தார். நான் குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெரு, டீக்கடையில் தினமும் பார்க்கிற மனிதர். ஷாஹிரா ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். மூன்று வருட உதவித்தொகை. தலைப்பு, நின்றுபோன அச்சுப் பேஸ்ட் எப்படி இறுகுகிறது என்பது. எங்கள் டீ பிரேக் சமாச்சாரத்தை அவள் அப்பாவிடம் நான் புலம்பியதுதான் அவள் காதுக்குப் போய்த் தலைப்பாகியிருந்தது. பழனிசாமி உடனே சம்மதித்தார்.

அவள் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். கல்லூரியில் ஒரு கருவி இருக்கிறது. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, நடுவில் ஒரு ஸ்பூன் பேஸ்ட். மேல் தட்டை மெல்ல மெல்லத் திருப்பினால், பேஸ்ட் எந்த இடத்தில் பிடியை விட்டு ஓட ஆரம்பிக்கிறது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். நாள் கணக்கில் அந்தத் தட்டுக்கு நடுவிலேயே வைத்திருந்தால் பேஸ்ட் காய்ந்துவிடும். அதனால் இங்கேயே டப்பாக்களில் ஊற்றி மூடி, ஒரு மணி நேரம் நின்றது, எட்டு மணி நேரம் நின்றது, ஒரு முழு நாள் நின்றது என்று தனித்தனியாக வேண்டும். நிற்கும் நேரத்தில் யாரும் தொடக் கூடாது. இதை அவள் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டும் போனாள்.

நான் அலமாரியில் ஒரு தட்டையே காலி செய்து, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டேன். டிகிரி படித்த நாளில் விட்டுப்போன ஏதோ ஒன்று திரும்பக் கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. வாரம் ஒருமுறை அவள் வருவாள். டப்பாக்களை நுரைப்பஞ்சு போட்ட பெட்டியில் அடுக்குவாள். கல்லூரிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பெட்டியைச் சீட்டில் வைத்தால் குலுங்கும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு போவாள். வேகத்தடை வரும்போது பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வாளாம். கண்டக்டர் ஒருநாள் உள்ளே முட்டையா என்று கேட்டிருக்கிறார். அப்படிப் பொத்திப் பொத்திக் கொண்டுபோனாள், பதினாலு மாதம்.

பதினாலு மாதமும், அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், அவள் மேனேஜரைப் பார்த்துவிட்டு வருவதற்குள், நான் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு டப்பாவையும் மூடி நீக்கி, கண்ணாடிக் குச்சியால் மூன்று சுற்றுக் கிண்டி, விளிம்பைத் துடைத்து, மூடி, மேசையில் வரிசையாக வைத்தேன். நிற்கும் நேரத்தில் தொடக் கூடாது என்றாள், தொடவில்லை. கொடுக்கும் நேரத்தில் கிண்டிக் கொடுப்பது என் மரியாதை. இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு இருக்கிறது என்று, வேதியியல் படித்த என் மண்டைக்கு ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் டப்பா வாங்க வராமல் ஒரு கோப்போடு வந்தாள். முகம் வாடியிருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் ஆய்வுக் குழு உட்காருகிறது. அதுவரை எடுத்த முடிவுகளை அவர்கள் முன்னால் வைக்க வேண்டும், திருப்தி இல்லையென்றால் பதிவையே ரத்து செய்யலாம். அவளிடம் வைக்க ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் நின்ற பேஸ்ட்டும் முழு நாள் நின்ற பேஸ்ட்டும் ஒரே கோடு. "நின்னா இறுகுதுங்கறதே ஒரு நம்பிக்கைதான் போல சார். கைக்கு அப்படித் தோணியிருக்கும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் பார்த்ததை நம்பிக்கை என்கிறாளே. அவள் போன பிறகு, கோபத்தோடு அலமாரியைத் திறந்து ஒருநாள் நின்ற டப்பாவை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பேஸ்ட் விழவில்லை. டப்பாவைத் தட்டினேன், அப்போதும் விழவில்லை. இது நம்பிக்கையா என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். அவளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று டப்பாவை நிமிர்த்தினேன். கை தானாகக் குச்சியை எடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. விளிம்பைத் துடைக்கும்போது டப்பா சற்றே சாய்ந்தது. பேஸ்ட் மோர் மாதிரி என் சட்டையில் கொட்டியது.

அந்த நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. என் மீட்டர் ஏன் எப்போதும் ஒரே எண் காட்டியது, ஆபரேட்டர்கள் ஏன் என்னைத் திட்டினார்கள், ஷாஹிராவின் கோடு ஏன் மாறவே இல்லை. நின்று இறுகியதை முழுக்க என் மூன்று சுற்றில் உடைத்துவிட்டு, உடைந்ததையே எல்லாருக்கும் அளந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சட்டையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை.

உடனே அவளுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வெட்கம்தான் காரணம், வேறு சாக்குச் சொல்ல விரும்பவில்லை. கிச்சன் மாஸ்டர் என்று ஊரே மதிக்கிற ஆள், ஒரு பெண்ணின் பதினாலு மாத உழைப்பைக் குச்சியால் கலக்கிவிட்டான் என்று வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தேன். சத்தம் காட்டாமல் சரிசெய்துவிடலாம் என்று ஒரு குறுக்குப் புத்தி. அடுத்த முறை அவள் வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்று, கிண்டாத டப்பாக்களை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளே போன் வந்தது. கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, படிப்படியாக ஏறுகிறதாம். அவள் குரலில் சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. "சார், இந்த பேட்ச்ல ஏதாவது மாத்துனீங்களா? ஒட்டுறதுக்குப் போடற பைண்டர், வாங்குற கம்பெனி, ஏதாச்சும்?"

"ஒண்ணும் மாத்தலையேம்மா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அந்த ஒன்றைத்தான் இன்னும் செமிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் அப்பாதான் டீக்கடையில் சொன்னார். பதினாலு மாதம் ஒரே மாதிரி இருந்த கணக்கு, குழு உட்காரப் போகும் நேரத்தில், வேண்டிய மாதிரி மாறியிருக்கிறது. பேராசிரியர் அவளுடைய எல்லா நோட்டுகளையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். "நம்பரை மாத்தி எழுதிட்டாளோன்னு அவருக்கு ஒரு சந்தேகமுங்க. வாய் திறந்து சொல்லலை. பாப்பா ரெண்டு நாளாச் சாப்பிடலைங்க" என்றார். என் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நான் விஷயத்தைத் தெரிந்துகொண்டு அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது.

கம்பெனிக்குப் போய்ப் பழனிசாமியிடம் லீவு கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானே எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தள்ளி நிற்காமல் பக்கத்தில் வந்து நின்றார். சுவரிலிருந்த கரும்பலகையைப் பார்த்தார். "கிண்டாம வெளிய விடாதீங்கன்னு எழுதுனது நானுங்களே. நானும் கூட வரட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். கண்ணாடிக் குச்சியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணிக்கொண்டே போனேன்.

பேராசிரியர் அறையில் ஷாஹிராவும் இருந்தாள். மேசை நிறைய அவள் நோட்டுகள். நான் உட்காராமலே சொல்லி முடித்தேன். கிண்டியதையும் சொன்னேன், போனில் சொன்ன பொய்யையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார். "எத்தனை சுற்று?" என்று கேட்டார்.

"மூணு சார்."

"எல்லாத் தடவையுமா?"

"நாலாவது சுத்து என் கைக்கு வராது சார்."

ஒரு டப்பா பேஸ்ட்டைக் கொண்டுவரச் சொல்லி, என்னைக் கிண்டிக் காட்டச் சொன்னார். வாட்சைப் பார்த்து நேரம் குறித்தார். குச்சியின் தடிமனை அளந்தார். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறேன், அடியைத் தொடுகிறேனா, கிண்டி முடித்து மூடுவதற்கு எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கோர்ட்டில் நிற்பது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும். எழுதி முடித்துவிட்டு, ஷாஹிராவைப் பார்த்து, நோட்டைக் கேட்டது தன் வேலை, அதில் தவறில்லை, ஆனால் சாம்பிள் எப்படிக் கைமாறுகிறது என்று ஒருநாளாவது அந்த ஆலைக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டியதும் தன் வேலைதான் என்றார். நோட்டுகளை அடுக்கி அவரே அவள் கையில் கொடுத்தார்.

வராந்தாவில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "கிண்டுனது தெரியாம செஞ்சது சார், அது பரவாயில்லை. நான் போன் பண்ணிக் கேட்டேனே, அப்பச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

பதிவு ரத்தாகவில்லை. குழு ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தது, ஆனால் அந்த வருடத்துக்கு உதவித்தொகை கிடையாது. பழைய கணக்கு முழுவதையும் ஒதுக்கிவிட்டு அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்த வருடச் செலவுக்காக இப்போதே சாயங்காலங்களில் டியூஷன் எடுத்துக்கொண்டு பகலில் கிச்சனுக்கு வருவாள். டப்பாக்களை அவளே ஊற்றி, அவளே எடுப்பாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். முதல் சில மாதம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான். பிறகு ஒருநாள், இதோ இந்தப் பத்து டப்பாவை மட்டும் உங்கள் மாதிரியே கிண்டிக் கொடுங்கள் என்று கேட்டாள். உடைந்தது மறுபடி இறுக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். குச்சியைக் கையில் எடுத்துவிட்டு, நிஜமாகவே கிண்டட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு அது.

அந்த ஆராய்ச்சியில் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது ஒரு எளிய விஷயம். நின்று இறுகிய பேஸ்ட்டை இளக்கத் தண்ணீர் தேவையில்லை, அசைவுதான் தேவை. எவ்வளவு நேரம் நின்றதோ அதற்கு ஏற்ப இத்தனை இழுப்பு என்று ஷாஹிரா ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தாள். அதை மெஷினுக்கு மெஷின் ஒட்டினோம். நான் ஆபரேட்டர்களிடம் போய், உங்கள் கை சரிதான், என் மீட்டர்தான் தப்பு என்று சொன்னேன். அதில் இரண்டு பேர் அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். கரும்பலகையிலிருந்த வரிக்குக் கீழே பழனிசாமி இன்னொரு வரி சேர்த்தார். 'அளக்கும்போது கிண்டினதா கிண்டாததா என்று எழுதவும்.'

கார்த்திகா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாய்வும் உருமாற்றமும் என்று அறிவிப்பில் போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. திருப்பூரில் அது இல்லாத இடம் எது? துவைத்தால் முறுக்கிக்கொள்ளும் பனியன், இழுத்தால் திரும்பிப் போகாத காலர், சாயப்பட்டறைத் தொட்டியில் மேலே மிதக்கும் நுரை, கீழே படியும் சேறு, எல்லாமே அதுதான். ஆராய விஷயத்துக்குக் குறைவில்லை, அதைக் கையில் தொட்ட ஆட்கள் ஆராய்ச்சிப் பக்கம் போவதுதான் குறைவு. எந்தக் கருவி வைத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். கருவிக்கு வந்து சேரும்வரை அந்தப் பொருளை யார் யார் தொட்டார்கள் என்று கேட்க, பக்கெட் தூக்கியவர்களுக்குத்தான் தோன்றும்.

போன வாரம் அவள் கூப்பிட்டாள். நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. தயார் செய்வதற்காக ஷாஹிராவின் ஆய்வேட்டை இணையத்திலிருந்து இறக்கிப் படித்துக்கொண்டிருக்கிறாள். "மாஸ்டர், நன்றிப் பக்கத்துல உங்க பேருதாங்க முதல்ல இருக்குது" என்றாள், அவளுக்கே பட்டம் கிடைத்த மாதிரி. தெரியும் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அறுபத்தோராம் பக்கத்துல ஒரு வரி வருதுங்க. சாம்பிள் குடுத்தவர் ஒவ்வொரு தடவையும் கிண்டிக் குடுத்ததால முதல் பதினாலு மாசக் கணக்கைச் சேர்க்கலைன்னு. பேரு போடலை. நம்ம கிச்சன்ல உங்க கண்ணுக்குத் தப்பி அந்த வேலையைப் பண்ணுனது யாருங்க?"

அந்த வரி எனக்கு மனப்பாடம். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் ஷாஹிரா அந்தப் பக்கத்தை எடுத்துவந்து என்னிடம் காட்டினாள், உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை சார் என்றாள். பழைய ஆள் ஒருத்தர், வேலையை விட்டுப் போய்விட்டார் என்று கார்த்திகாவிடம் சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. அன்று பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை மூன்று சுற்றுக் கிண்டும் நேரம்கூட எடுக்கவில்லை.

"ரெண்டும் ஒரே ஆளுதாம்மா" என்றேன்.

அவள் என்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் கலைகிறது என்று நினைத்துக்கொண்டு, போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி இருந்தேன். பிறகு காகிதம் புரளும் சத்தமும், பேனா மூடி கழலும் சத்தமும் கேட்டன.

"சரிங்க மாஸ்டர்," என்றாள் கார்த்திகா. "எத்தனை சுத்துங்க?"